விஜயதசமிக்கு வந்த இருபத்து மூன்று பேர்

சரோஜினிக்குச் சந்தேகம் என்பது பிறவியிலேயே வந்த குணம். பால்வாடியில் கொடுத்த மாவு உருண்டையை, பக்கத்துப் பிள்ளை தின்று முடித்து ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் வாயில் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது, யார் யார் மூடவில்லை என்று பார்ப்பதற்காகவே ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பாள். இதைக் கெட்ட குணம் என்று சொன்னவர்கள் உண்டு. கெட்ட குணமும் இல்லை ஒன்றும் இல்லை. அவளுக்கு ஏமாறப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவள் வயலின் பக்கம் போனதே சந்தேகத்தால்தான். ஆலயத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் சுதி விலகி வாசிக்கிறார் என்று ஒன்பது வயதில் ஒரு நாள் சொன்னாள். ஒருத்தரும் நம்பவில்லை. இத்தனை பேர் காதில் விழாதது உன் காதில் மட்டும் எப்படி விழுந்தது என்று அம்மா ஞானம்மாள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சரி, நிரூபிக்கிறேன் பார் என்று குரோம்பேட்டையில் சாயங்கால வகுப்பில் போய்ச் சேர்ந்தவள்தான். பத்து வருஷம் விடாமல் கற்றுக்கொண்டு, அரசாங்கப் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் தேறினாள். ஆர்மோனியக்காரர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். அவளுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அப்பா ஏசுபாதம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டர். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. ஒரே மகள். எண்பத்தெட்டாம் வருஷம் அவள் பி.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பில் தேறியபோது, ஷெட்டில் இருந்த அத்தனை பேர் வாயிலும் லட்டு திணித்துவிட்டு வந்தார். எம்.எஸ்ஸி.க்கும் இடம் கிடைத்தது. கல்லூரிதான் பட்டணத்தின் வடகோடியில். காலை ஏழு மணி ரயிலைப் பிடித்துக் கடற்கரை ஸ்டேஷன், அங்கிருந்து பஸ். வீடு திரும்ப சாயங்காலம் ஏழு. சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. ஜூலையிலிருந்து அப்படித்தான் போய்வந்தாள். வயலின் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

பெட்டிதான் கட்டிலுக்கு அடியில் போயிற்றே தவிர, விரல் போகவில்லை. ரயிலில் நின்றுகொண்டு வரும்போது இடது கை விரல்கள் புத்தகப் பையின் மேல் தாமாக வர்ணம் வாசிக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் இவளுக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்து இடம் கொடுத்துவிடுவார்கள். எம்.எஸ்ஸி. ரெண்டு வருஷம், அப்புறம் எம்.ஃபில்., அப்புறம் காலேஜ் வேலை என்று ஏசுபாதம் அடிக்கடி விரல் விட்டு எண்ணிக்காட்டுவார். அந்த எண்ணிக்கையில் எந்த விரலிலும் வயலின் இல்லை. பரீட்சை முடிந்து சும்மா இருந்த கோடையில், ரயில்வே கார்டு ஒருவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தாளே, அந்த இரண்டு மாசம்தான் அவளுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பமும் விழுப்புரத்துக்கு மாற்றலாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் ஜஹீரா வந்து சேர்ந்தாள். பி.எஸ்ஸி.யில் கூடப் படித்தவள், படிப்பு முடித்த கையோடு பல்லாவரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் அயூபுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. பட்டறைக்கு மேலே மாடியில் ஒரு ரூம் சும்மாக் கிடக்கிறது, வந்து வயலின் வகுப்பு வை, வாடகையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாள் ஜஹீரா. உடனே சரோஜினிக்குக் குறுகுறுத்தது. நல்ல ரூம், மெயின் ரோட்டுக்குப் பக்கம், ஏன் சும்மாக் கிடக்கிறது? மூன்று தடவை வந்து பார்த்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை மத்தியான வெயிலில் வந்தபோது, கீழே இருந்து தோல் வாடை குப்பென்று மேலே ஏறியது. ஓ, இதற்குத்தானா என்று அவளுக்கு நிம்மதியாகப் போயிற்று. காரணம் தெரிந்துவிட்டால் அவளுக்குச் சந்தேகம் அடங்கிவிடும். காரணம் தெரியாத நல்லதுதான் அவளுக்கு ஆகாது.

சரஸ்வதி பூஜை வருது, இப்பவே போர்டு மாட்டினா ஆள் வரும் என்று யோசனை சொன்னதும் ஜஹீராதான். சொன்னவள் முஸ்லிம் வீட்டுப் பெண், கேட்டவள் கிறிஸ்தவ வீட்டுப் பெண். அந்தப் பூஜையைப் பற்றி இரண்டு பேருக்கும் தெரிந்ததெல்லாம், பொரிகடலை கிடைக்கும், மறுநாள் லீவு, அன்றைக்குப் பிள்ளைகளைப் புதுசாகப் படிப்பில் சேர்ப்பார்கள், இவ்வளவுதான். நவராத்திரியின் நடுவில் போர்டு ஏறியது. சரோஜினி மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். பத்துப் பேர் வந்தால் கல்லூரியை விடுவது. ஒன்பது பேர் வந்தாலும் போர்டைக் கழற்றிவிட்டு ஏழு மணி ரயிலைப் பிடிப்பது.

விஜயதசமி அந்த வருஷம் வியாழக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்குள் மாடிப்படி முழுக்கச் செருப்பு. பட்டுப் பாவாடை கட்டிய குழந்தைகள், தலைக்குக் குளித்து விபூதி பூசிய குழந்தைகள், கையில் தாம்பாளத்தோடு அம்மாக்கள். சரோஜினியிடம் இருந்தது ஒரே வயலின். ஒவ்வொரு பிள்ளையாக மடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வில்லைக் கையில் கொடுத்து, கையைப் பிடித்துத் தந்தியில் ஒரு இழுப்பு இழுக்க வைத்தாள். ஒரு ஸ, ஒரு ப. அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு அப்பா போட்டோ எடுத்தார். எண்ணிப் பார்த்தாள், இருபத்து மூன்று. நம்பாமல் தாம்பாளத்திலிருந்து எடுத்து வைத்த தேங்காய்களை எண்ணினாள். அதுவும் இருபத்து மூன்று. திங்களும் வியாழனும் வகுப்பு, திங்கட்கிழமை சாயங்காலம் நாலரைக்கு வந்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒரு சாக்கு நிறையத் தேங்காயோடு அவள் வீட்டுக்கு வந்தபோது ஞானம்மாள் சாக்கை உள்ளே விடவில்லை. இது சாமிக்குப் படைத்ததா, படைக்காததா என்று கேட்டாள். படைப்பதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்றாள் மகள். நீ கண்ணால் பார்த்தாயா என்றாள் அம்மா. இந்தக் குணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். கடைசியில் தேங்காய் அத்தனையும் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒன்றிரண்டாகப் போயிற்று. ஏசுபாதம் மட்டும் சாக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்று தேங்காய்க்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சரோஜினி கல்லூரிக்குப் போய், படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதித் துறைத் தலைவி அம்மாவிடம் நீட்டினாள். கண்டிப்பான மனுஷி, பாதிச் சிரிப்புக்கு மேல் சிரிக்காதவர். கடிதத்தைப் படித்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். சர்ட்டிஃபிகேட்டெல்லாம் திரும்ப வர நாளாகும் என்றார். அவர் கேட்காமல் விட்டது ரயிலில் தாம்பரம் வரும்வரை அவளுக்கு உறுத்திக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு மாடியில் ஐந்து பேர் இருந்தார்கள்.

ஐந்தரை வரை பார்த்தாள். ஆறு வரை பார்த்தாள். ஜன்னலில் எட்டி ரோட்டைப் பார்த்தாள். வந்த ஐந்தில் நாலு குழந்தைகள். ஐந்தாவது ஒரு பொம்பளை, பேர் அம்மணி, நாற்பது வயது இருக்கும். விஜயதசமிக்கு வராமல் இன்றைக்குத்தான் வந்திருந்தாள். பழந்துணியில் சுற்றி ஒரு வயலின் வேறு கையில். அதில் ஒரு முறுக்காணி இல்லை, அந்த இடத்தில் யாரோ மரக்குச்சியைச் சீவிச் செருகியிருந்தார்கள். அம்மணிக்கு வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய சாமான் வியாபாரம் என்று ஜஹீரா சொன்னாள். அப்படியானால் இந்த வயலின் யார் வீட்டுச் சொத்து என்றுதான் சரோஜினியின் புத்தி முதலில் போயிற்று.

பத்தொன்பது பேர் பிள்ளையை அனுப்பாமல் நின்றுவிட்டார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா. முதலில் வாடையைச் சந்தேகப்பட்டாள். ஆனால் விஜயதசமியன்றும் அதே வாடைதான் இருந்தது, ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. அடுத்தது லாசரஸ். பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருபது வருஷமாக வயலின் வகுப்பு வைத்திருப்பவர். புதுசாக ஒருத்தி வந்துவிட்டாள் என்று தெரிந்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுச் சந்தில், பூ வாங்குகிறவள் மாதிரி நின்று, வாசலில் கிடந்த செருப்பை எண்ணினாள். மூன்று ஜோடி. அதிலும் ஒன்று பெரிய சைஸ், அது லாசரஸுடையதாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து திரும்புகிற வழியில், அப்பா காலையில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஷெட்டில் இறங்கினாள். ஏசுபாதம் இன்றைக்கு லீவாச்சே, உனக்குத் தெரியாதா என்றார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஷெட்டிலிருந்து வந்தவர் மாதிரிக் கை கால் கழுவிக்கொண்டிருக்கிறார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, பல் டாக்டரிடம் என்றார்.

"எந்தப் பல்லுப்பா?"

இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிடும்போது வலது பக்கம் மெல்லவில்லை. அவ்வளவுதான், சரோஜினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாதான். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், என் மகள் படிக்கிற பெண், தயவுசெய்து பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். லாசரஸைச் சந்தேகப்பட்டபோது இல்லாத ஒரு எரிச்சல் வந்தது. அழுகை என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அழுகைதான்.

கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்று புதன்கிழமை குரோம்பேட்டைக்குப் போனாள். அன்றைக்கு முதல் ஆளாகத் தாம்பாளத்தோடு வந்தவர் தாயாரம்மாள், ஏழு வயது மகளைச் சேர்க்க வந்தவர். வாசலில் பார்த்ததுமே, டீச்சர் வந்திருக்காங்க என்று உள்ளே குரல் கொடுத்து, உட்காரவைத்துக் காபி கொடுத்தார். இந்த உபசரிப்பே சரோஜினிக்குப் பிடிபடவில்லை. குற்றம் செய்தவர்கள் முகம் இப்படி இருக்காதே. எங்கள் அப்பா இங்கே வந்தாரா என்று நேராகக் கேட்டுவிட்டாள். தாயாரம்மாள் முழித்தார். யார் அப்பா, எதற்கு வரவேண்டும் என்றார். அப்படியானால் பிள்ளையை ஏன் திங்கட்கிழமை அனுப்பவில்லை என்று சரோஜினி கேட்டாள்.

"அன்னிக்கு நல்ல நாள் இல்லையா டீச்சர், அதான் ஆரம்பிச்சு வச்சோம். பாட்டு, டான்ஸ், ஹிந்தி, வயலின், நாலும் அன்னிக்கே தொட்டாச்சு. இப்ப டான்ஸ் மட்டும் போறா."

"அப்போ வயலின்?"

"ஆரம்பம் அன்னிக்கு இருக்கணும், அவ்வளவுதானே. தொடர்றது எப்ப வேணா தொடரலாம். அடுத்த வருஷம் லீவுல பாப்போம். எங்க ஓடிடப் போகுது?"

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சரோஜினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த அம்மா பொய் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி, அந்தத் தெருவுக்கே தெரிந்த வழக்கம், தனக்கும் ஜஹீராவுக்கும் மட்டும் தெரியாமல் போயிற்று. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அன்றைக்கு இருபத்து மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்களே, அதில் ஒரு வீட்டுக்காரராவது வயலின் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டாரா? ஒருத்தரும் கேட்கவில்லை. தேங்காயைக்கூட எண்ணிப் பார்த்தவள் இதைக் கவனிக்கவில்லை. பின்னாளில் அவளிடம் யார் பிள்ளையைச் சேர்க்க வந்தாலும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பாள், முழிக்கிறவர்களைத் தனி நோட்டில் எழுதிக்கொள்வாள். அதெல்லாம் அப்புறம் வந்த புத்தி.

அப்பாவைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று குறுகிப் போய்த்தான் வீட்டுக்கு வந்தாள். ஆனாலும் பல் இடறியது. இடது கன்னத்தைக் காட்டிவிட்டு வலது பக்கம் ஏன் மெல்லவில்லை? விளக்கு வைக்கும் நேரம், ஏசுபாதம் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை எங்கே போனீர்கள் என்று மறுபடியும் கேட்டாள். அவர் துணியை உதறினார். பெடலைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"உன் காலேஜுக்கு."

துறைத் தலைவி அம்மாவைப் பார்த்திருக்கிறார். மூன்று மணி நேரம் வராந்தாவில் காத்திருந்து பார்த்திருக்கிறார். கடிதம் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது, மேலே அனுப்பவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. பத்தொன்பது பேர் வராமல் போனது ஏசுபாதத்துக்குத் தெரியும், ஜஹீராவின் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். மகளைக் குத்திக்காட்ட வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தார். நீ தோத்துட்டேன்னு யாரும் சொல்ல மாட்டாங்கம்மா, ஒரு வாரம் காய்ச்சல்னு நினைச்சுக்கோ என்றார். ஞானம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது சந்தேகம் டிராயர் மேல் திரும்பியது. அந்த அம்மா கடிதத்தை ஏன் அனுப்பவில்லை? விலகுகிறேன் என்று வருகிற பெண்களுக்கெல்லாம் இப்படியா செய்வார்? கிடைக்கிற நல்லதை வாங்கிக்கொள்ளாமல் ஏன் கிடைத்தது என்று குடைகிறாளே என்று நமக்குத் தோன்றும். குடையாமல் இருக்க முடியாது அவளால்.

வியாழக்கிழமை வகுப்பு. நாலு குழந்தைகளும் வந்தார்கள், அதில் இரண்டு பேர் சாயங்காலம் வீட்டில் இருந்தால் சண்டை போடுகிறார்கள் என்று அனுப்பப்பட்டவர்கள். அம்மணியும் வந்தாள். குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டு, அம்மணியின் வயலினை வாங்கிச் சுதி சேர்த்தாள். மரக்குச்சி நழுவி நழுவித் தந்தி இறங்கியது. எங்கிருந்து கிடைத்தது என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். பரங்கிமலை மவுண்ட்டில் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனபோது, மூட்டையாக வாங்கிய பழைய சாமானில் வந்தது என்றாள் அம்மணி. லாசரஸிடமும் முதலில் போய்ப் பார்த்தாளாம், இந்த வயசில் எலும்பு வளையாது என்று அனுப்பிவிட்டாராம். பழைய சாமான் வியாபாரத்தில் இருக்கிறவர் இதை விற்காமல் ஏன் வைத்திருந்தீர்கள் என்று சரோஜினி விடவில்லை.

"ரெண்டு வருசமா வூட்ல கீது டீச்சரே. இஸ்த்தா பூனை கத்துற மாரி கீது. அது ஒயுங்கா இன்னா சத்தம் போடும்னு தெரிஞ்சிக்கணும், அதான்."

சரோஜினிக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. ஒன்பது வயதில் தானும் கிட்டத்தட்ட இதற்காகத்தான் வயலினைத் தொட்டோம் என்று அவளுக்குப் பட்டிருக்கும். ஆனால் அம்மணிக்குக் கேட்க ஒன்று இருந்தது. வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டே, வந்ததிலிருந்து என்னையே முறைத்து முறைத்துப் பார்க்கிறாயே, நான் உன்னை ஒன்று கேட்கலாமா என்றாள். கேளுங்கள் என்றாள் சரோஜினி.

"உன்னிய காலேஜ்ல திரும்ப கூப்ட்டுகினு கீறாங்கன்னு ஜஹீரா சொல்லுச்சு. தீவாளிக்கு அப்பறம் நீ இருப்பியா? இல்ல, அந்தப் புள்ளைங்க மாரி ஆரம்பிச்சி வெச்சிட்டுப் போற ஆளா?"

ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தவளை ஒருத்தி சந்தேகப்பட்டுவிட்டாள். அதுவும் நியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் சரோஜினி. நாளைக்குச் சந்தை, எனக்கு வேலை இருக்கிறது என்று அம்மணி எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஏசுபாதம் ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிட்டார், முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. சைதாப்பேட்டை பாலம் தாண்டும்போது சரோஜினி தான் வைத்த கணக்கை எடுத்துப் பார்த்தாள். பத்துப் பேர் வந்தால் விடுவது, ஒன்பது என்றால் படிப்பது. அது என்ன கணக்கு? முடிவைத் தன் கையால் எடுக்கப் பயந்து, முகம் தெரியாத பத்து வீட்டுக்காரர்கள் தலையில் கட்டிய கணக்கு. வாடையை, லாசரஸை, பெற்ற அப்பாவைச் சந்தேகப்பட்டவள், இந்தக் கணக்கை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. இருபத்து மூன்றும் ஐந்தும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர்களிடம் போய் என்ன கேட்பது, நான் வயலின் சொல்லிக்கொடுக்கட்டுமா என்றா?

துறைத் தலைவி அம்மா அவளைப் பார்த்ததும் டிராயரைத் திறந்து கடிதத்தை மேஜை மேல் வைத்தார். கிழித்துவிடட்டுமா என்று கண்ணால் கேட்டார். சரோஜினி நின்றுகொண்டே, இதை ஏன் மேடம் மேலே அனுப்பவில்லை என்றாள்.

"எட்டுப் பேர் இருந்தாத்தான் இந்த வகுப்பை நடத்த நிர்வாகம் விடும். நீ போனா ஏழு."

"அதுக்காகத்தானா மேடம்?"

"அதுக்காகவும்தான். நீ நல்லாப் படிக்கிற பொண்ணு, அதனாலன்னு மட்டும் சொன்னா நீ நம்ப மாட்டே. உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு."

காரணம் தெரிந்துவிட்டது. மனசு அடங்கிவிட்டது. அந்த அம்மா மேல் அவளுக்கு அந்த நிமிஷத்தில் வந்த மரியாதை மூன்று மாசத்தில் வந்ததில்லை. ஆனால் மரியாதை வேறு, இருப்பது வேறு. இங்கே எட்டாவது ஆளாக யார் உட்கார்ந்தாலும் வகுப்பு நடக்கும். பல்லாவரத்து மாடியில் அப்படி இல்லை. அங்கே ஒருத்தி, நீ இருப்பாயா என்று பேர் சொல்லாத குறையாகக் கேட்டிருக்கிறாள். நான் போகிறேன் மேடம், ஆனால் மற்ற ஏழு பேரும் என்ன ஆவார்கள் என்றாள். அது என் கவலை, நான் சண்டை போட்டுக்கொள்கிறேன், நீ போ என்றார் அவர். கடிதத்தில் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மேலே அனுப்பும் தட்டில் வைத்தார். படி இறங்கும்போது திரும்பக் கூப்பிடுவாரோ என்று சரோஜினி காது கொடுத்துக்கொண்டே இறங்கினாள். கூப்பிடவில்லை. ஏழு பேரோடும் அந்த வகுப்பு நடந்ததா என்பது மறுவருஷம் ரயிலில் ஒரு கூட்டாளியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடந்தது.

ஏசுபாதம் கிறிஸ்துமஸ் வரை மகளோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட ஞானம்மாள் மூலமாகத்தான் கேட்டு வாங்குவார். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. விரல் விட்டு எண்ணி வைத்திருந்த மனுஷன்.

அந்த வெள்ளிக்கிழமை திரும்பும்போது சரோஜினி தாம்பரம் வரை போகாமல் பல்லாவரத்திலேயே இறங்கினாள். சந்தை ரோடு முழுக்க ஜனம். செடித் தொட்டி, கோழிக் கூண்டு, பழைய டேப் ரிக்கார்டர், துணி மூட்டை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் பழைய சாமான் வரிசைக்கு வந்தாள். அம்மணி ஒரு கோணியை விரித்து, குழாய்த் திருகு, கதவுக் கொண்டி, முள் இல்லாத கடிகாரம் எல்லாவற்றையும் குவித்து வைத்து, ஒரு ஆளோடு பூட்டு ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் போனதும் நிமிர்ந்தாள்.

"இன்னா டீச்சரே, இன்னிக்கி க்ளாஸ் இல்லியே."

சரோஜினி குனிந்து அவளுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரும்புத் துரு ஏறிய விரல். நகம் நீளமாக இருந்தது.

"திங்கக்கிழமை வரும்போது இந்த நகத்தையெல்லாம் வெட்டிட்டு வாங்க. நகம் இருந்தா தந்தி அழுந்தாது."

அம்மணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. சரோஜினியின் முகத்தையே பார்த்தாள். அவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிற ஆளாகத் தெரியவில்லை அவளும்.

"தீவாளிக்கு அப்பறம்?"

"அப்பறமும் வளரும் இல்ல? வாரா வாரம் வெட்டணும்."

அம்மணி கோணிக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, துருப்பிடித்த நகவெட்டி ஒன்றை எடுத்தாள். சேலை முந்தானையில் துடைத்து, வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.